இரண்டரை மணி நேரம் முந்தி வந்த வால்வெள்ளி

1786 ஜனவரி 17 அன்று பாரிஸில் பியர் மெஷேன் ஒரு மங்கலான வால்வெள்ளியைக் கண்டார். சார்ல் மெஸ்ஸியேவுக்குச் சொல்லி அனுப்பினார். 19ஆம் தேதி மறுபடியும் அது தென்பட்டது. அதோடு சரி. ஒரு வால்வெள்ளியின் பாதையைக் கணிக்க வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று இடக்குறிப்புகளாவது வேண்டும். கையில் இருந்தவை இரண்டு. அந்த வால்வெள்ளி எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று சொல்ல வழியில்லாமல் குறிப்பேட்டில் ஒரு வரியாக நின்றுபோனது.

1795 நவம்பர் 7 அன்று இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். 1805 அக்டோபரில் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றைக் கண்டார்கள். அவர்களில் ஒருவர் ழான் லூயி பான்ஸ். மார்செய் வானாய்வகத்தில் வாயில்காவலராக வேலைக்குச் சேர்ந்து, தொலைநோக்கியைக் கையாளக் கற்று, வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வால்வெள்ளிகளைக் கண்டவர். 1818 நவம்பர் 26 அன்று அதே பான்ஸ் இன்னொன்றைக் கண்டார். இந்த நான்கும் ஒரே வால்வெள்ளிதான். ஒவ்வொரு முறையும் புதிதாகவே வரவேற்கப்பட்டது. பான்ஸ் தாமே கண்டுபிடித்ததைத் தாமே இரண்டாம் முறை கண்டுபிடித்தார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அப்போது திரும்பி வருவது உறுதியாகத் தெரிந்திருந்த வால்வெள்ளி ஹாலி ஒன்றுதான். அதற்கு 76 ஆண்டுகள். மற்றவற்றுக்கெல்லாம் பாதையைப் பரவளையமாக, அதாவது ஒரு முறை வந்து திரும்பாமல் போய்விடும் வளைவாக, எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதே வழக்கம். சூரியனுக்கு அருகில் வால்வெள்ளி கண்ணுக்குத் தெரிகிற சில வாரங்களில், பரவளையத்தின் முனையும் நீண்ட நீள்வட்டத்தின் முனையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணக்கும் எளிது.

1818இல் வந்தபோது அந்த வசதி கைகொடுக்கவில்லை. பான்ஸ் கண்ட நாளிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, ஏழு வாரம்போல, குறிப்புகள் கிடைத்தன. ஜெர்மனியில் கோத்தா நகருக்கு அருகிலிருந்த சீபெர்க் வானாய்வகத்தில் யோஹன் ஃபிரான்ஸ் என்கே அவற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணிதவியலாளர் கவுஸின் மாணவர், சலிக்காமல் கணக்குப் போடுபவர். எந்தப் பரவளையத்தையும் அந்தக் குறிப்புகளோடு பொருத்த முடியவில்லை. நீள்வட்டம் பொருந்தியது. அந்த நீள்வட்டத்தை ஒரு முறை சுற்றிவர ஆகும் காலம் 3.3 ஆண்டு என்று வந்தது. 76 ஆண்டுக்குப் பழகியிருந்த காலத்தில் யாரும் எதிர்பார்க்காத எண் இது.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் 1805, 1795, 1786 எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. 1786 முதல் 1819 வரை பத்துச் சுற்றுகள். அந்த வருகைகளில் நான்கில் மட்டுமே அது மனிதர் கண்ணில் பட்டிருக்கிறது. ஏன் நான்கு மட்டும்? அந்த நான்கு முறையும் அது சூரியனுக்கு மிக அருகில் வந்த தேதிகளைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: 1786 ஜனவரி, 1795 டிசம்பர், 1805 நவம்பர், 1819 ஜனவரி. எல்லாம் வடக்கின் குளிர்காலம். மூன்று சுற்று முடிய ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும் என்பதால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை பூமியும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் தொலைநோக்கிகளுக்கு வாகாக அமைந்த வருகைகளில் மட்டுமே அது அகப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட வருகைகளிலும் அது தவறாமல் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது, பார்க்கத்தான் வாய்க்கவில்லை.

அடுத்த வருகை 1822 மே மாதம் என்றார் என்கே. மே மாதம் ஐரோப்பாவுக்கு வாகான பருவம் அல்ல. தெற்கிலிருந்துதான் பார்க்க முடியும். நல்லவேளையாக நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் தாமஸ் பிரிஸ்பேனுக்கு வானியலில் பித்து இருந்தது. பரமட்டாவில் சொந்தமாக ஒரு வானாய்வகம் கட்டி, ஜெர்மானியரான கார்ல் ரியூம்கரை வேலைக்கு வைத்திருந்தார். என்கே தந்த அட்டவணையை வைத்துத் தேடிய ரியூம்கர் 1822 ஜூன் 2 அன்று வால்வெள்ளியைப் பிடித்தார். ஹாலிக்குப் பிறகு முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி வந்த இரண்டாவது வால்வெள்ளி. அதனால்தான் இன்றும் அதன் அதிகாரபூர்வ எண் 2. பெயர், கண்டவர்களுடையதாக இல்லாமல் கணக்குப் போட்டவருடையதாக நிலைத்தது. என்கே மட்டும் கடைசிவரை அதைப் பான்ஸ் வால்வெள்ளி என்றே எழுதிவந்தார்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்கு இன்னொரு வெற்றி என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கணக்கில் ஒரு மிச்சம் நின்றது.

வால்வெள்ளியைச் சூரியன் மட்டும் இழுப்பதில்லை. வியாழன் இழுக்கிறது, சனி இழுக்கிறது, பூமியும் வெள்ளியும் கொஞ்சம் இழுக்கின்றன. இந்த இழுப்புகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடச் சுமார் இரண்டரை மணி நேரம் சீக்கிரமாக முடிந்தது. 3.3 ஆண்டு என்பது ஏறக்குறைய 29,000 மணி நேரம். அதில் இரண்டரை மணி என்ன பெரிதா என்று தோன்றலாம். ஆனால் இந்தக் குறைவு கூடிக்கொண்டே போகும். மாறாத சுற்றுக்காலத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால், முதல் சுற்றில் இரண்டரை மணி முந்தும். இரண்டாவது சுற்று ஐந்து மணி குறைந்திருக்கும். பத்தாவது சுற்று 25 மணி. எல்லாவற்றையும் கூட்டினால் பத்தாவது வருகையில் ஐந்தே முக்கால் நாள் முந்தி வந்து நிற்கும். சூரியனுக்கு அருகில் இந்த வால்வெள்ளி வினாடிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஐந்து நாள் பிழை என்றால் தேட வேண்டிய இடமே வேறு.

என்கே ஒரு விளக்கம் தந்தார்: சூரியனைச் சுற்றியுள்ள வெளியில் மிக மெல்லிய ஏதோ ஓர் ஊடகம் பரவியிருக்கிறது, வால்வெள்ளி அதைக் கிழித்துக்கொண்டு போகையில் உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. உராய்ந்தால் வேகம் குறையத்தானே வேண்டும், எப்படி முந்தி வரும் என்று கேட்கத் தோன்றும். ஆற்றலை இழந்த பொருள் சூரியனுக்கு நெருக்கமான சிறிய பாதைக்கு இறங்கிவிடுகிறது. சிறிய பாதையில் தூரமும் குறைவு, வேகமும் அதிகம். சுற்று சீக்கிரம் முடிகிறது. இன்று நம் செயற்கைக்கோள்கள் மேல் வளிமண்டலத்தில் உரசிக் கீழிறங்கும்போது அப்படியே நடக்கிறது. என்கேயின் தர்க்கத்தில் தவறே இல்லை. கோள்கள் ஏன் இப்படி முந்துவதில்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது: அவை கனமானவை, வால்வெள்ளி லேசானது. ஒளி பரவுவதற்கே ஈதர் என்ற ஊடகம் வேண்டும் என்று நம்பிய காலம் அது. ஆகவே கருத்து எளிதாக வேரூன்றியது.

1835இல் ஹாலி வந்தபோது கோனிக்ஸ்பெர்க்கில் ஃபிரெட்ரிக் பெஸ்ஸல் அதைக் கூர்ந்து கவனித்தார். அதன் தலையிலிருந்து சூரியனை நோக்கி விசிறி விரித்ததுபோல ஒளிரும் பொருள் பீய்ச்சியடிப்பதைக் கண்டார். ஒரு பக்கமாகப் பொருளை வீசியெறிந்தால், வீசியெறியும் வால்வெள்ளி எதிர்ப்பக்கம் நகரும். வால்வெள்ளியின் சுற்றுக்காலம் மாற இதுவே போதுமே என்று அடுத்த ஆண்டு எழுதினார். இன்று படித்தால் இதுதான் சரியான விடை. ஆனால் என்ன பொருள் வெளியேறுகிறது, அது எந்தத் திசையில் அதிகம் தள்ளும், ஏன் அந்தத் திசை என்பதற்கெல்லாம் அவரிடம் விடை இல்லை. என்கேயிடம் இருந்ததோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒத்துப்போன ஓர் எண். எண்ணுக்குத்தான் அப்போது மதிப்பு. என்கே 1865இல் இறக்கும்வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே எண் பிறழ்ந்தது. ரஷ்யாவின் புல்கோவா வானாய்வகத்தில் ஆஸ்கர் பாக்லுண்ட் தம் உழைப்பின் பெரும்பகுதியை இந்த ஒரே வால்வெள்ளிக்குக் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கோளின் இழுப்பையும் கையால் கணக்கிடுவது என்றால் இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ரஷ்யாவில் சிலர் இதை என்கே–பாக்லுண்ட் வால்வெள்ளி என்றே சொன்னார்கள், நியாயம்தான். அவர் கண்டது: சுமார் 1868க்குப் பிறகு முந்தும் அளவு சட்டென்று குறைந்துவிட்டது. பிறகு இன்னும் குறைந்துகொண்டே போனது. சூரியனைச் சுற்றிப் பரவியிருக்கும் ஊடகம் திடீரென்று மெலிந்துபோகுமா? அதைவிட மோசமான செய்தி மற்ற வால்வெள்ளிகளிடமிருந்து வந்தது. சில முந்தின, சில பிந்தின. ஹாலியே ஒவ்வொரு சுற்றிலும் ஈர்ப்புக் கணக்கு சொல்வதைவிட ஏறக்குறைய நான்கு நாள் பிந்தித்தான் வருகிறது. எந்த ஊடகமும் தன்னுள் போகும் பொருளை முன்னுக்குத் தள்ளிவிடாது.

விடை 1950இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. ஃபிரெட் விப்பிள் வால்வெள்ளிகளின் அமைப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே என்கே வால்வெள்ளியின் முடுக்கம் இடம்பெற்றிருந்தது. அழுக்குப் பனிப்பந்து என்று பத்திரிகைகள் பெயர் வைத்த அந்தக் கருத்து, வால்வெள்ளி எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடையாக மட்டும் இன்று நினைவுகூரப்படுகிறது. உண்மையில் அது இந்த இரண்டரை மணி நேரத்தை விளக்கப் புறப்பட்ட கருத்து.

விப்பிள் சொன்னது இது. வால்வெள்ளியின் நடுவில் சில கிலோமீட்டர் அகலமுள்ள திடமான கரு இருக்கிறது. உறைந்த நீரும் வேறு பனிகளும் தூசும் கலந்த கட்டி. சூரியனை நெருங்கினால் பனி உருகாமல் நேராக வாயுவாகிச் சீறுகிறது. சீறும் வாயு கருவை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வாயு சரியாகச் சூரியனைப் பார்த்த திசையில் கிளம்பினால் தள்ளல் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும். சுற்றுக்காலத்தில் பெரிய மாற்றம் வராது. ஆனால் கரு தன்னைத்தானே சுழல்கிறது. நம் ஊரில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு. ஆனால் அதிகம் சுடுவது இரண்டு, மூன்று மணிக்கு. வால்வெள்ளியின் கருவிலும் அப்படித்தான். வெப்பம் ஏறி வாயு பொங்குவது பிற்பகல் பக்கத்தில். கரு சூரியனைச் சுற்றும் அதே திசையில் சுழன்றால், பிற்பகல் பக்கம் என்பது அது போகும் திசைக்குப் பின்புறம், அங்கே சீறும் வாயு கருவை முன்னே தள்ளும், பாதை பெரிதாகும், வால்வெள்ளி பிந்தும். எதிர்த்திசையில் சுழன்றால் பிற்பகல் பக்கம் முன்புறமாக அமையும், வாயு தடையாகும், பாதை சுருங்கும், வால்வெள்ளி முந்தும். முந்துவதும் பிந்துவதும் ஒரே காரணத்தால். பெஸ்ஸலிடம் இல்லாமல்போன திசை, சுழற்சியால் கிடைத்துவிட்டது.

முந்தும் அளவு ஏன் காலப்போக்கில் குறைந்தது? வாயு ஒரே சீராக எல்லா இடத்திலிருந்தும் வருவதில்லை. அதன் உதைப்பில் கருவின் சுழல் அச்சே மெல்லத் திசை மாறுகிறது. அச்சு சாயச் சாயத் தள்ளும் திசையும் மாறும். 1979இல் விப்பிளும் ஸ்டெனெக் செகானினாவும் அச்சு இப்படித் திரும்பிவந்ததை வைத்தே என்கே வால்வெள்ளியின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை விளக்கினார்கள். பாக்லுண்டைத் திகைக்கவைத்த 1868க்கு ஒரு நியாயம் கிடைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வால்வெள்ளி எங்கே, எப்போது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் என்பது வேறு இலாகா என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பாதை கணிப்பவர் ஒருவர், பொலிவு பார்ப்பவர் இன்னொருவர். எனக்கு இந்தப் பிரிவினையில் எப்போதும் உடன்பாடில்லை. கருவைத் தள்ளுவது எந்த வாயுவோ அதேதான் நம் கண்ணுக்கு ஒளியாகத் தெரிகிறது. பாதையில் பிழையாகத் தலைகாட்டுவதும் வானில் வெளிச்சமாகத் தலைகாட்டுவதும் ஒரே சங்கதி.

வெறும் கரு எவ்வளவு மங்கல் என்று பாருங்கள். என்கேயின் கரு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் திருப்பித் தராத கரிய மேற்பரப்பு. சூரியனிலிருந்து 4.1 வானியல் அலகு தூரத்தில், அதாவது பூமி–சூரியன் தூரத்தைப்போல நான்கு மடங்குக்கும் அப்பால் இருக்கும்போது, பெரிய தொலைநோக்கிக்கே அது ஒரு புள்ளி. பிறகு 0.34 அலகு வரை, புதனின் பாதைக்கு உள்ளே, இறங்கி வருகிறது. வழியில் வாயு பொங்கிக் கருவைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த தலை உண்டாகிறது. அந்த வாயுவில் உள்ள இரட்டைக் கார்பன் மூலக்கூறுகள் சூரிய ஒளியை வாங்கிப் பச்சை கலந்த நிறத்தில் ஒளிர்கின்றன.

ஒரு சிறுகோள் சூரியனுக்கான தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன்மேல் விழும் ஒளி நான்கு மடங்காகும்; அதன் பொலிவும் நான்கு மடங்காகும். வால்வெள்ளிக்கு அது மட்டும் போதாது. விழும் ஒளியும் கூடுகிறது, ஒளிர்வதற்கான வாயுவும் கூடுகிறது. சராசரி வால்வெள்ளிக்குத் தூரத்தின் நான்காம் அடுக்கை எடுத்துக்கொள்வார்கள்: தூரம் பாதியானால் வெளிச்சம் பதினாறு மடங்கு. வானியலார் பொலிவைப் பொலிவெண்ணால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஐந்து எண் இறங்கினால் நூறு மடங்கு. பதினாறு மடங்கு என்பது மூன்று எண். அட்டவணைகளில் வால்வெள்ளியின் பெயருக்கு நேரே நீங்கள் பார்க்கும் பொலிவெண் பெரும்பாலும் இந்த வாய்பாட்டிலிருந்து வந்ததுதான். நான்காம் அடுக்கு இயற்கை விதி அல்ல. பல வால்வெள்ளிகளைப் பார்த்துக் கிடைத்த சராசரி. ஒன்றுக்கு மூன்றாக இருக்கும், இன்னொன்றுக்கு ஆறாக இருக்கும். ஒரே வால்வெள்ளிக்கே போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

என்கே அப்படிப்பட்டது. சூரியனை நெருங்குவதற்கு முன் அதன் தலையிலிருந்து ஒரு பக்கமாக விசிறிபோன்ற ஒளி நீளும். நெருங்கிவிட்டுத் திரும்பும்போது அதே தூரத்தில் அதே அழகு இருக்காது. கருவில் பனி வெளிப்பட்டிருக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு, எதிரெதிர் அரைக்கோளங்களில் என்று செகானினா விளக்கினார். போகும்போது ஒன்றின்மேல் வெயில், திரும்பும்போது மற்றொன்றின்மேல். இந்த முடிவுக்கு வர அவருக்கு உதவியவை அந்த விசிறியின் திசையைப் பல வருகைகளில் குறித்துவைத்த படங்கள். பாதைக் கணக்குக்குத் தேவையான சுழல் அச்சு, விசிறியின் படத்திலிருந்து வருகிறது. இரண்டு இலாகாவும் ஒன்றாகிற இடம் இது.

ஆனால் வெளிச்சத்தை அளப்பது, இடத்தை அளப்பதுபோல நேரான வேலை அல்ல. நட்சத்திரம் புள்ளி, வால்வெள்ளி பரவிய மங்கல். ஒரு கரண்டி மஞ்சள்தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்தால் நிறம் பளிச்சென்று தெரியும். அதே கரண்டியை ஓர் அண்டா நீரில் கரைத்தால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதனால் அனுபவமுள்ள பார்வையாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வால்வெள்ளியின் பரவலான ஒளியை மனத்தில் பதித்துக்கொண்டு, குவியத்தை விலக்கிப் பக்கத்து நட்சத்திரங்களை அதே அளவு ஊதிப் பெரிதாக்கி, எந்த நட்சத்திரம் அதற்குச் சமம் என்று பார்க்கிறார்கள். கேட்க எளிது, வானம் சற்றே வெளுத்திருந்தால் தலையின் ஓரங்கள் காணாமல்போய் எண் மாறிவிடும்.

கருவியும் எண்ணை மாற்றும். சின்னத் தொலைநோக்கியில் முழுத் தலையும் சேர்ந்து தெரியும். பெரியதில் நடுப்பகுதி மட்டும் கண்ணை இழுக்கும், ஓரம் வானத்தோடு கலந்துவிடும். ஆகவே கருவி பெரிதாகப் பெரிதாக வால்வெள்ளி மங்கலாகத் தெரிகிறது! இதைத் திருத்துவதற்காக நிக்கோலஸ் பாப்ரோவ்னிகாஃப் 1941இல் எல்லா அளவீடுகளையும் 6.78 சென்டிமீட்டர் திறப்புள்ள கருவிக்கு மாற்றித் தரும் முறையை வகுத்தார். பழைய காலத்தின் சராசரிக் கருவி அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலில்தான் ஒரு பெரிய வழக்கு நடந்தது. என்கே வால்வெள்ளி வேகமாக மங்கிவருகிறது, அதன் ஆயுள் முடியப்போகிறது என்று கீவ் நகரின் செர்கேய் வ்செக்ஸ்வியாட்ஸ்கி நூறாண்டுக்கு மேலான பொலிவெண்களைத் தொகுத்து வாதிட்டார். தொகுப்பில் போட்ட உழைப்பு அபாரம். ஸ்லோவாக்கிய வானியலாளர் லுபோர் கிரெஸாக் அந்த முடிவை ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சிறிய கருவிகளிலும் வெறும் கண்ணிலும் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் பெரிய கருவிகளிலும் புகைப்படத் தகடுகளிலும். மங்கியதில் பெரும்பகுதி கருவிகள் மாறியதால் வந்தது என்றார். என் சாய்வு கிரெஸாக் பக்கம். சூரியனை இவ்வளவு நெருங்கி, இவ்வளவு அடிக்கடி வரும் வால்வெள்ளி கொஞ்சமாவது பனியை இழக்காமல் இருக்காது; ஆனால் அந்த இழப்பை, பார்ப்பவர் பழக்கம் மாறியதிலிருந்து பிரித்தெடுக்கப் பழைய குறிப்புகள் போதவில்லை.

மின்னணுக் கேமராக்கள் வந்ததும் தகராறு தீர்ந்துவிடவில்லை. வேறு உருவம் எடுத்தது. படத்தில் வால்வெள்ளியைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் போட்டு அதற்குள் உள்ள ஒளியைக் கூட்டுவது? சின்ன வட்டம் போட்டால் நடுப்பகுதி மட்டும். பெரிய வட்டம் போட்டால் தலை முழுவதும், கூடவே பின்னாலிருக்கும் நட்சத்திரங்களும். ஒரே இரவில், ஒரே வால்வெள்ளிக்கு, இரண்டு நேர்மையான அளவீடுகளுக்குள் மூன்று நான்கு பொலிவெண் வித்தியாசம் வரும். வட்டத்தின் அளவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது உதவாது. தூசி நிறைந்த வால்வெள்ளிகளுக்காவது இந்தத் தொல்லையைக் குறைக்க மைக்கேல் அஹெர்னும் சகாக்களும் 1984இல் ஓர் அளவையைக் கொண்டுவந்தார்கள். வட்டத்தின் அளவைப் பொறுத்து அது பெரிதாக மாறாது.

வெளிச்சம் இடக்கணக்கையும் குழப்பும். இன்று ஒரு மங்கலான வால்வெள்ளியின் இடத்தை அளக்க, அது நகரும் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப நகர்த்திப் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபடும். வால்வெள்ளி புள்ளியாகத் திரளும். பின்னணி நட்சத்திரங்களின் இடங்களை கையா விண்கலத்தின் பட்டியல் மிகத் துல்லியமாகத் தருகிறது. ஆனால் அளப்பவர் குறிவைப்பது ஒளி மிகுந்த இடத்தை. கரு அதே இடத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. தூசி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஒளியின் மையமும் அந்தப் பக்கம் ஒதுங்கும். அந்த ஒதுக்கத்தைக் கருவின் நகர்வு என்று எடுத்துக்கொண்டால், இல்லாத விசை ஒன்று கணக்குக்குள் நுழைந்துவிடும்.

நல்ல வேளையாகத் தேடும் வேலை முன்புபோல் கடினமில்லை. பிரையன் மார்ஸ்டன், செகானினா, டொனால்ட் யோமன்ஸ் மூவரும் 1973இல் வாயுவின் தள்ளலை நீர்ப்பனி ஆவியாகும் வேகத்தோடு இணைத்து ஒரு வாய்பாடாக்கினார்கள். ஒவ்வொரு வால்வெள்ளிக்கும் அந்த வாய்பாட்டில் சில எண்கள். ஒன்று சூரியனுக்கு எதிரான தள்ளல், இன்னொன்று பாதையின் ஓட்டத்தோடு ஒட்டிய தள்ளல். இரண்டாவதன் குறி எதிராக இருந்தால் முந்தும், நேராக இருந்தால் பிந்தும். திரும்பி வரும் வால்வெள்ளி சொன்ன இடத்தில் இல்லையென்றால் வானம் முழுவதும் துழாவ வேண்டாம். பிழை பெரும்பாலும் நேரத்தில்தான் இருக்கும், ஆகவே அதே பாதையில் சற்று முன்னோ பின்னோ தேடினால் போதும்.

மார்ஸ்டன் இந்தக் கலையில் கைதேர்ந்தவர். 1892 நவம்பரில் லண்டனில் எட்வின் ஹோம்ஸ் கண்ட வால்வெள்ளி 1906க்குப் பிறகு தொலைந்துபோயிருந்தது. மார்ஸ்டன் வியாழனின் இழுப்பைச் சேர்த்து அதன் பாதையை மறுபடி கணித்தார். 1964இல் எலிசபெத் ரோமர் அதைக் கண்டுபிடித்தார். எங்கே என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்விக்கு வருவோம். 2007 அக்டோபரில், சூரியனை நெருங்கிக் கடந்து ஐந்து மாதமாகி, அட்டவணைப்படி மங்கிக்கொண்டே போகவேண்டிய நேரத்தில், 17ஆம் பொலிவெண்ணில் இருந்த ஹோம்ஸ் இரண்டே நாளுக்குள் 3க்கும் கீழே இறங்கியது. ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு. பெரிய தொலைநோக்கி வேண்டியிருந்த பொருளை மக்கள் மொட்டைமாடியில் நின்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். அடுத்த சில வாரங்களில் அதன் தலை சூரியனைவிடப் பெரிதாக விரிந்தது. இவ்வளவுக்கும் அதன் இடம் அட்டவணையில் சொன்னபடியே இருந்தது.

என்கே அப்படி வெடித்ததில்லை. 1818 முதல் இன்றுவரை போர்க்கால 1944 ஒன்றைத் தவிர ஒவ்வொரு வருகையிலும் அது பார்க்கப்பட்டிருக்கிறது. வால்வெள்ளிகளில் இத்தனை வருகைகளில் பார்க்கப்பட்டது வேறு எதுவும் இல்லை. அது உதிர்த்த துகள்கள் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் ரிஷப ராசித் திசையிலிருந்து எரிகற்களாக விழுகின்றன. அந்த உறவையும் 1940இல் எடுத்துக்காட்டியவர் விப்பிள்தான். நிலவில்லாத புதனை எடைபோட முடியாமல் தவித்த காலத்தில், அதன் பக்கமாகப் போன இந்த வால்வெள்ளியின் விலகலை வைத்தே கோளின் நிறையைக் கணித்துப் பார்த்தார்கள்.

கருவை மட்டும் யாரும் அருகில் சென்று பார்க்கவில்லை. நாசாவின் கான்டூர் விண்கலம் 2003 நவம்பரில் பார்க்கவிருந்தது. 2002 ஜூலையில் ஏவப்பட்ட அது ஆகஸ்ட் 15 அன்று பூமியின் சுற்றுப்பாதையை விட்டுக் கிளம்பும் இயந்திரத்தை இயக்கியபோது சிதறிப்போனது. செகானினாவின் இரண்டு பனிவாய்களும் சாய்ந்துகொண்டிருக்கும் அச்சும் இன்னும் வெளிச்சத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் ஊகித்தவைதான். 2023 அக்டோபர் 22 அன்று சூரியனை நெருங்கிச் சென்ற என்கே, அடுத்து 2027 பிப்ரவரியில் நெருங்குகிறது. நெருங்கும் நேரத்தை அட்டவணைகள் நாளின் பின்னங்கள்வரை தருகின்றன. பக்கத்துக் கட்டத்திலுள்ள பொலிவெண்ணுக்கு எதிரே இப்போதைக்கு ஒரு தோராயம் நிற்கிறது. பார்வையாளர்கள் எண்களை அனுப்பத் தொடங்கியதும் அதை அழித்து வேறு எழுதுவார்கள்.